முதல் பிள்ளை எந்த நாளில் பாலை நிறுத்தியது?

"சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான் ஆகும்" என்று ஒருவர் சொல்வதும், "தலைமுறை தலைமுறையா உள்ளுக்குள்ளதான் கொடுத்து எடுத்திருக்கோம், யாருக்கு என்ன வந்துச்சு?" என்று இன்னொருவர் கேட்பதும் எனக்கு ஒரே அளவு எரிச்சலைத் தருகின்றன. முதலாமவர் என் அலுவலகத்தில் இருக்கிறார். நல்ல மனிதர்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் தங்கை மகளைப் பற்றி அக்கறையாக விசாரித்துவிட்டு, ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே அதைச் சொன்னார். இரண்டாமவர் ஊரில் இருக்கும் என் பெரியப்பா. அவரவர் கண்ட அளவில் இரண்டு பேர் சொல்வதும் பொய் இல்லை. ஆனால் இந்த இரண்டு பேச்சிலும் எங்கள் வீட்டில் நடந்தது எதுவும் இல்லையே என்று ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது, அதனால் எழுத உட்கார்ந்தேன்.

என் தங்கையைப் பெரிய அத்தை மகனுக்குத்தான் கொடுத்தோம். சின்ன வயதிலேயே பேசி வைத்தது, யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. முதல் பிள்ளை ஆண். சுகப்பிரசவம், நல்ல எடை, நல்ல அழுகை. மூன்றாம் நாள் பால் குடிப்பது குறைந்தது. ஐந்தாம் நாள் கண்ணே திறக்கவில்லை, உடம்பு ஒரு நேரம் துவண்டு கிடக்கும், இன்னொரு நேரம் விறைத்துக்கொள்ளும். பத்து நாளைக்குள் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் "ரத்தத்தில் கிருமி" என்று எழுதிக் கொடுத்தார்கள். பச்சைக்குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து போனால் முதலில் அதைத்தான் சந்தேகிப்பார்கள், பெரும்பாலும் அதுதான் காரணமாகவும் இருக்கும், அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கிருமி வளர்கிறதா என்று பார்த்த சோதனையில் ஒன்றும் வளரவில்லை என்று பிற்பாடு வந்த தாளைப் பற்றித்தான் யாரும் எதுவும் பேசவில்லை. தங்கைக்கு ஒரு கறுப்புக் கயிறு கட்டினார்கள், மாந்தம் என்றார்கள், பட்சி தோஷம் என்றார்கள், பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் காதுபடவே சொன்னார்கள். பிள்ளைக்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை.

இரண்டாவது பெண். அவள்தான் பாப்பா, இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், நான் தாய்மாமன். அவளும் மூன்றாம் நாள் பாலைக் குறைத்தாள்.

வெந்தய வாசனை

பாப்பாவுக்கு இருப்பது எம்.எஸ்.யூ.டி., அதாவது மேப்பிள் சிரப் யூரின் டிசீஸ். நாம் சாப்பிடும் புரதமெல்லாம் உடம்புக்குள் அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. அவற்றில் லூசின், ஐசோலூசின், வேலின் என்ற மூன்றையும் மேற்கொண்டு உடைப்பதற்கு ஒரே ஒரு நொதிதான் இருக்கிறது. பிறவியிலேயே அந்த நொதி வேலை செய்யாத குழந்தைக்கு, தாய்ப்பாலில் இருக்கும் கொஞ்சம் புரதம்கூட உடையாமல் தேங்கும். வயிற்றில் இருக்கும்வரை அம்மாவின் உடம்பு அந்த வேலையைச் சேர்த்துப் பார்த்துவிடுகிறது, அதனால்தான் பிறக்கும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. தொப்புள்கொடியை அறுத்த நேரத்திலிருந்துதான் கணக்கு ஏற ஆரம்பிக்கிறது. மூன்றில் லூசின்தான் மோசம், அது ஏற ஏற மூளை வீங்கும். முதலில் பால் குறையும், அப்புறம் தூக்கம், அப்புறம் முதுகு பின்னால் வளையும், கையும் காலும் சைக்கிள் மிதிப்பதுபோல் அசையும். கவனிக்காமல் விட்டால் ஏழு முதல் பத்து நாளில் நினைவு தப்பும்.

1954-ல் அமெரிக்காவில் ஜான் மெங்கஸ் என்ற டாக்டரும் அவர் சகாக்களும் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து இறந்த நான்கு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குழந்தைகளின் சிறுநீரில் மேப்பிள் என்ற மரத்தின் பாகு வாசனை அடித்தது, நோய்க்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. நம்மில் எத்தனை பேர் மேப்பிள் பாகை முகர்ந்து பார்த்திருப்போம்? ஆனால் அந்த வாசனைக்குக் காரணமான பொருள், சோட்டலோன், நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது. வெந்தயத்துக்கு அந்த வாசனையைக் கொடுப்பதும் அதுதான்.

இதில்தான் எங்கள் கதை சிக்கியது. பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கம் வெந்தயக் களி கொடுக்காமல் விடமாட்டார்கள். வெந்தயமும் அரிசியும் அரைத்துக் கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விட்டு, அம்மா தங்கைக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதனால் குழந்தையின் ஈரத்துணியில் அந்த வாசனை வந்தபோது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. "தாய் திங்கிறதுதானே பிள்ளைக்கு" என்று அம்மா சொல்லிவிட்டு துணியை அலசப் போட்டார். வெளிநாட்டு மருத்துவ இதழ்களில் இதற்கு நேர் எதிரான கதைகள் பதிவாகியிருக்கின்றன. பிரசவ நேரத்தில் வெந்தயம் சாப்பிட்ட அம்மாக்களின் குழந்தைகளிடம் வாசனை வந்து, டாக்டர்கள் எம்.எஸ்.யூ.டி. என்று பயந்து சோதித்துப் பார்த்தால் குழந்தை நன்றாக இருக்கும். அங்கே வெந்தயத்தை நோய் என்று நினைத்தார்கள், இங்கே நோயை வெந்தயம் என்று நினைத்தோம். முதல் பிள்ளையின் துணியிலும் அதே வாசனை இருந்ததா என்று அம்மாவிடம் ஒரு தடவை கேட்டேன். அப்போதும் களி கிண்டினோமே என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி நடையில்

பாப்பாவை வேறொரு ஊருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இரவு வேலையில் இருந்தது ஒரு இளம் டாக்டர், குழந்தைகள் பிரிவில் படித்துக்கொண்டிருந்த பெண். கிருமிக்கான மருந்தை அவரும் ஆரம்பித்தார். ஆரம்பித்துவிட்டு, கையில் ஒரு தாளோடு நடைக்கு வந்து தங்கையிடம் கேட்டார்: "முதல் பிள்ளை எத்தனாவது நாள் பால் குடிக்கிறத நிறுத்துச்சு?"

அதுவரை எல்லாரும் முதல் பிள்ளை எதனால் இறந்தான் என்றுதான் கேட்டிருந்தார்கள், நாங்களும் ரத்தத்தில் கிருமி என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். எத்தனாவது நாள் என்று யாரும் கேட்டதில்லை. தங்கை யோசிக்கவே இல்லை, "மூணாம் நாள் சாயந்திரம்" என்றாள். பாப்பா நிறுத்தியதும் மூன்றாம் நாள்தான். டாக்டர் பேனாவை எடுத்துத் தாளில் கட்டங்கள் போட ஆரம்பித்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் ஒரு கோடு, சொந்தத்தில் கட்டியிருந்தால் இரண்டு கோடு, இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கீறல். தங்கைக்கும் மச்சானுக்கும் நடுவில் இரட்டைக் கோடு போட்டார். "உங்க வீட்ல வேற யாருக்காவது பச்சப்புள்ள இப்படிப் போயிருக்கா?" என்றார். அப்பா இல்லை என்றார். அத்தை இல்லை என்றார். பெரியப்பா ஒரு படி மேலே போய், "எங்க குடும்பத்துல அப்படி வியாதி எதுவும் கெடையாதும்மா" என்றார்.

பெஞ்சின் ஓரத்தில் அப்பத்தா உட்கார்ந்திருந்தது. எண்பதைத் தாண்டியும் வரமாட்டேன் என்று சொல்லாமல் காரில் ஏறி வந்திருந்தது. "ரெண்டு" என்றது.

யாருக்கும் புரியவில்லை. அப்பத்தா வெற்றிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்து மட்டும் பேசியது. "இவனுக்குப் பின்னால ஒண்ணு, எம் மகளுக்குப் பின்னால ஒண்ணு. நல்லாத்தான் பெறந்துச்சு. மூணு நாள் குடிச்சுச்சு, அப்புறம் வாயே வைக்கல. முதுகு பின்னால வளைஞ்சுபோச்சு. தொக்கம் எடுத்தாங்க, வேப்பிலை அடிச்சாங்க." அப்பாவுக்கு அறுபது வயது, தனக்கு ஒரு தம்பி இருந்தான் என்று அன்றைக்குத்தான் தெரியும். டாக்டர், "பாட்டி, உங்களுக்கும் தாத்தாவுக்கும் சொந்தமா?" என்று கேட்டார். சொந்தம்தான், தாத்தாவின் கூடப்பிறந்த அக்கா மகள்தான் அப்பத்தா. மேலே இன்னொரு இரட்டைக் கோடு விழுந்தது. அதற்குக் கீழே சின்னதாக ஒரு சதுரம், ஒரு வட்டம், இரண்டுக்கும் குறுக்கே கீறல், பக்கத்தில் ஆளுக்கொரு கேள்விக்குறி. அப்பத்தா கொஞ்சம் குனிந்து தாளைப் பார்த்து, "இதுல நான் எது?" என்று கேட்டது.

அந்தக் கேள்விக்குறிகள் சரிதான். அப்பத்தாவின் பிள்ளைகளுக்கு என்ன இருந்தது என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் நம் நாட்டில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கும் மேல் முதல் வயதைத் தாண்டாமல் போயின, எல்லா வீட்டிலும் ஒன்றிரண்டு இருக்கும், அவற்றுக்குக் காரணம் தேடுவதோ எண்ணிக்கை வைப்பதோ வழக்கமே இல்லை. பெரியப்பா அன்றைக்கும் அதைத்தான் சொன்னார், இன்றைக்கும் சொல்கிறார். ஆனால் அந்த இளம் டாக்டருக்கு அது போதுமானதாக இருந்தது. சிறுநீரில் ஒரு சாதாரணப் பட்டையை நனைத்துப் பார்த்தார், சர்க்கரை நோயாளிகளுக்குப் பார்ப்பார்களே, கீட்டோன், அது தூக்கலாக இருந்தது. பிறந்து சில நாளே ஆன குழந்தையிடம் அது அப்படி வரவே கூடாதாம். அப்புறம் அதே சிறுநீரில் டி.என்.பி.எச். என்ற ஒரு திரவத்தைக் கலந்தார்கள், சோதனைக் குழாய் மஞ்சளாகக் கலங்கி அடியில் படிந்தது, உடையாமல் தேங்கியது இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். குதிகாலில் குத்தி, வட்டங்கள் அச்சிட்ட தடித்த அட்டையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் வைத்தார்கள். ஒரு சொட்டு வட்டம் முழுக்க நிரம்பி அட்டையின் மறுபக்கமும் தெரிய வேண்டும், மேலே மேலே வைக்கக் கூடாது, வெயிலிலோ சூட்டிலோ காயவைக்கக் கூடாது. அந்த அட்டையைத் துணிபோல் பிடித்துக்கொண்டு மச்சான் நின்றது எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது. ரத்தத்தில் எந்த அமினோ அமிலம் எவ்வளவு என்று அளக்கும் டேண்டம் மாஸ் சோதனைக்கு அது வெளியூர் போனது. முடிவு வரும்வரை காத்திருக்காமல் பாலை நிறுத்தி, குளுக்கோஸ் ஏற்ற ஆரம்பித்ததால்தான் பாப்பா இருக்கிறாள். லூசின் 200 மைக்ரோமோலுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 2,000-ஐத் தாண்டியிருந்தது.

என் அலுவலக நண்பருக்கும் பெரியப்பாவுக்கும் நான் சொல்ல நினைக்கும் பதில் இந்த நடையில்தான் இருக்கிறது. திருமணம் சரியா தப்பா என்ற பஞ்சாயத்தால் பாப்பா பிழைக்கவில்லை. செத்துப்போன பிள்ளைகளைப் பற்றி ஒருவர் சரியாகக் கேட்டார், ஒரு கிழவி மறைக்காமல் சொன்னது.

நாலில் ஒன்று

சொந்தத்தில் கட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. 1902-லேயே லண்டனில் ஆர்ச்சிபால்ட் காரட் என்ற டாக்டர், சிறுநீர் கறுத்துப்போகும் அல்காப்டனூரியா என்ற நோயைப் பற்றி எழுதும்போது, நோயாளிகளின் பெற்றோரில் பலர் பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை பிள்ளைகளாக இருப்பதைக் கவனித்துச் சொல்லிவிட்டார். பிறவி வளர்சிதை மாற்ற நோய்கள் என்ற கருத்தே அங்கிருந்துதான் வந்தது. நம் ஒவ்வொருவரிடமும் இப்படிப் பழுதான மரபணுக்கள் சில இருக்கின்றன, ஜோடியில் இன்னொன்று நன்றாக இருப்பதால் தெரிவதில்லை. கட்டிக்கொள்பவருக்கும் அதே பழுது இருந்தால்தான் வம்பு, ஒரே தாத்தா பாட்டியிலிருந்து வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். சரி, எவ்வளவு கூடுதல்? சொந்தமே இல்லாத தம்பதிக்கும் நூறு பிரசவத்தில் இரண்டு மூன்று குழந்தைக்குப் பிறவியில் பெரிய குறை ஏதாவது இருக்கும். அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டினால் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகும். தாய்மாமனைக் கட்டினால் இன்னும் கொஞ்சம் மேலே. அதாவது நூறில் தொண்ணூற்றுச் சொச்சம் குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன, பெரியப்பா கண்ணில் படுவது அவர்கள்தான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் என்று வந்தது, நாட்டிலேயே அதிகம். இத்தனை வீடுகளுக்கும் "கட்டாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். ஏற்கெனவே கட்டிப் பிள்ளை பெற்றவளிடம் அதைச் சொல்வது வெறும் குத்தல்.

நாலில் ஒன்று என்பதும் நம் வீடுகளில் சரியாகப் போய்ச் சேருவதில்லை. அப்பா அம்மா இருவரிடமும் அந்தப் பழுது இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பிள்ளை போனபோது இதை யாராவது சொல்லியிருந்தால், ஒன்று போய்விட்டது, இனி மூன்று நன்றாக இருக்கும் என்றுதான் எங்கள் வீட்டில் புரிந்துகொண்டிருப்பார்கள். சோழிக்கு முன்னால் விழுந்தது ஞாபகம் இருக்காது, ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் விழும்.

நானும் சோதனை செய்துகொண்டேன், எனக்கும் அந்தப் பழுது இருக்கிறது. என் மனைவி அசல். அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு ஆபத்து மிக மிகக் குறைவு. இதில் என் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை, எனக்கு முறைப்பெண் அமையவில்லை, அவ்வளவுதான்.

லங்கணம் பரம ஔஷதம்

பாப்பாவின் சாப்பாடு ஒரு தராசில் நடக்கிறது. ஒரு கிராம் துல்லியத்துக்கு எடை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. அரிசியைச் சோறாக்கும் முன் நிறுத்துப் போட வேண்டும், ஏனென்றால் சோற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று ஒவ்வொரு நாளும் மாறும். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 7 கிராம் புரதம். பருப்பில் இருபதுக்கும் மேல். உளுந்து இருப்பதால் இட்லி தோசை கிடையாது, பால் தயிர் முட்டை கறி மீன் கிடையாது, சுண்டல் கிடையாது. நவராத்திரிக்குக் கொலு வைத்த வீடுகளுக்குப் பாப்பா போனால் தங்கை கூடவே போவாள். பாப்பாவைக் காப்பாற்றியது ஜவ்வரிசி. சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கும் ஜவ்வரிசியில் புரதம் இல்லை என்றே சொல்லலாம், அதனால் ஜவ்வரிசி உப்புமா, ஜவ்வரிசி கஞ்சி, ஜவ்வரிசி வடாம், கூவைக்கிழங்கு மாவில் ஒரு தோசை. சத்தில்லாத பண்டம் என்று எல்லாரும் ஒதுக்குவதைத் தேடித் தேடி வாங்குகிறோம்.

அது வயிற்றுக்கு. வளர்வதற்குப் புரதம் வேண்டுமே, அதற்கு லூசினும் மற்ற இரண்டும் நீக்கிய ஒரு பொடி இருக்கிறது, டப்பாவில் வரும், கரைத்தால் நாள்பட்ட மீன் தண்ணீர் வாடை. பெரியவர்களால் ஒரு மடக்கு குடிக்க முடியாது, நான் முயற்சி செய்து வாயைக் கொப்பளித்தேன். பச்சைக்குழந்தையாக இருந்ததிலிருந்து பழகிய பாப்பா மூக்கைப் பிடிக்காமல் குடிப்பாள், சில நாள் நாக்கால் உதட்டைத் துடைப்பாள். இதில் எனக்குப் புரிய ரொம்ப நாளான விஷயம் ஒன்று. கூடாது என்று நீக்கிய மூன்றில் ஐசோலூசினையும் வேலினையும் கொஞ்சம் தனியாக மருந்துபோல் அளந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. அவை ரொம்பவும் இறங்கிவிட்டால் உடம்பால் புதுப் புரதம் கட்ட முடியாது, கட்டவில்லை என்றால் லூசின் செலவாகாமல் ரத்தத்திலேயே நிற்கும்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் காய்ச்சல். லங்கணம் பரம ஔஷதம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம், காய்ச்சல் என்றால் வயிற்றைக் காயப்போடு, ரசம் சாதம்கூட நாளைக்குப் பார்க்கலாம். பாப்பாவுக்கு அதுதான் எமன். சாப்பிடாமல் கிடந்தால் உடம்பு தன் சதையிலிருந்தே புரதத்தை உருக்கும், அந்தச் சதையிலும் லூசின் இருக்கிறது. அதனால் சளி பிடித்தாலே எங்கள் வீட்டில் அவசரம்தான். அரிசியை நிறுத்திவிட்டு, சர்க்கரைத் தண்ணீர், பொடி, எண்ணெய் சேர்த்த ஜவ்வரிசிக் கஞ்சி என்று கலோரியை அள்ளிப் போட வேண்டும், வாந்தி நிற்கவில்லை என்றால் நேரே ஆஸ்பத்திரி, குளுக்கோஸ். நடையில் தள்ளாட்டம் வந்தால், காரணமில்லாமல் அழுதால், பேச்சு குழறினால் லூசின் ஏறுகிறது என்று அர்த்தம். ஒரு தடவை அப்படி நடுராத்திரியில் போய், பணியில் இருந்தவர் "காய்ச்சல்தானே, காலையில பாக்கலாம்" என்றபோது தங்கை பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். என்ன ஏற்ற வேண்டும், என்ன வேகத்தில், என்ன கொடுக்கக் கூடாது என்று பாப்பாவின் டாக்டர் கையெழுத்திட்ட தாள். லேமினேட் செய்து வைத்திருக்கிறாள், வண்டிச் சாவியோடு தொங்கும்.

செலவைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. டப்பா ஒன்று சில ஆயிரம், வளர வளர டப்பா கூடும். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் இந்த நோய் இரண்டாம் பிரிவில் இருக்கிறது. சிறப்பு உணவால் சமாளிக்கக்கூடிய நோய்களுக்கு மாநில அரசுகள் உதவுவது பற்றிப் பரிசீலிக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. பரிசீலிக்கலாம் என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு எந்தக் கவுன்டரில் போய் நிற்பது? முதலில் அறிவித்த எட்டு உயர் சிகிச்சை மையங்களில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை, பெங்களூருவோ ஐதராபாத்தோதான். 2022-ல் எந்தப் பிரிவாக இருந்தாலும் 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று மாற்றினார்கள், மையங்களின் பட்டியலும் அப்புறம் நீண்டது. நல்லதுதான்.

பென்சில்வேனியா வயல்

இந்த நோய் உலக அளவில் ஏறக்குறைய 1,85,000 பிறப்புக்கு ஒன்று என்பார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பழைய வழக்கத்தை விடாத மெனனைட் என்ற கிறிஸ்தவச் சமூகத்தில் 380-க்கு ஒன்று. பல தலைமுறைக்கு முன்னால் குடியேறிய சில குடும்பங்களின் வாரிசுகள், தங்களுக்குள்ளேயே கட்டிக்கொள்கிறவர்கள், கார் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்க்கிறவர்கள். அங்கே 1989-ல் ஹோம்ஸ் மார்ட்டன் என்ற டாக்டரும் அவர் மனைவி கரோலினும் ஸ்ட்ராஸ்பர்க் என்ற ஊரில், விவசாய நிலத்துக்கு நடுவில், இப்படிப்பட்ட குழந்தைகளுக்காகவே ஒரு சிறிய மருத்துவமனை ஆரம்பித்தார்கள். மரக் கட்டடத்தை எழுப்பியது அந்த ஊர் மெனனைட் ஆட்களும், அவர்களைப் போலவே பழைய வழக்கத்தில் வாழும் ஆமிஷ் ஆட்களும். ரத்தத்தை வெளியூர் அனுப்பிக் காத்திருக்காமல் அங்கேயே சோதித்துச் சொல்லும் வசதி வந்தது. இந்தப் பழுது இருக்கும் குடும்பம் என்று தெரிந்தால் பிறந்த முதல் நாளிலேயே பார்த்துவிடுவார்கள், பல குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரி வாசமே இல்லாமல் வீட்டிலேயே பொடி ஆரம்பித்துவிடுகிறார்கள்.

நான் இதை எடுத்துச் சொல்வது அவர்கள் திருமண வழக்கத்தைப் புகழ்வதற்காக இல்லை. உங்கள் கல்யாண முறையை மாற்றுங்கள், அப்புறம் வைத்தியம் பார்க்கலாம் என்று மார்ட்டன் சொல்லவில்லை, எங்களுக்கு என்ன வந்துச்சு என்று அவர்களும் சொல்லவில்லை. இறந்த பிள்ளைகளை எண்ணினார்கள். இங்கேயும் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் குதிகாலில் ஒரு குத்து என்று வர வேண்டும், அதற்கும் மேல் முடிவு மூன்று நாளைக்குள் கைக்கு வர வேண்டும். பத்தாம் நாள் வரும் தாளால் இந்த நோயில் ஒரு பயனும் இல்லை.

கல்லீரல் மாற்று சிகிச்சை பற்றியும் டாக்டர்கள் பேசியிருக்கிறார்கள். புதுக் கல்லீரல் போதுமான நொதியைக் கொடுத்துவிடும், அதன் பிறகு இட்லியும் தயிரும் சாப்பிடலாம். இதில் ஒரு விசித்திரம், பாப்பாவிடமிருந்து எடுக்கும் கல்லீரலைக்கூட வேறொரு நோயாளிக்கு வைக்கலாம். அவருடைய தசைகளில் இந்த நொதி நன்றாக வேலை செய்வதால் அவருக்கு எம்.எஸ்.யூ.டி. வராது. நம் நாட்டிலும் செய்திருக்கிறார்கள். மச்சான் செய்துவிடலாம் என்கிறார், புதுக் கல்லீரலை உடம்பு ஒதுக்காமல் இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரைகளா என்று தங்கை தயங்குகிறாள். இதில் தாய்மாமனுக்குப் பேச்சு இல்லை.

எனக்குப் பேச்சு இருக்கிற இடம் ஒன்று இருக்கிறது. சித்தப்பா மகனுக்கும் சின்ன அத்தை மகளுக்கும் தையில் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். இருவரும் அப்பத்தாவின் பேரப்பிள்ளைகள். எங்கள் குடும்பத்தில் ஓடும் பழுது எது என்று பாப்பாவின் சோதனையிலேயே தெரிந்துவிட்டதால், அந்த ஒன்றை மட்டும் இரண்டு பேருக்கும் பார்த்தால் போதும், ஒரு சிட்டிகை ரத்தம். ஒருவருக்கு இல்லை என்றால் இந்த நோயைப் பொறுத்தவரை கவலை இல்லை. இருவருக்கும் இருந்தாலும் கல்யாணம் நிற்க வேண்டியதில்லை, கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்திலேயே பார்க்கலாம், குறைந்தபட்சம் பிறந்த அன்றைக்கே பாலை அளக்கத் தெரிந்திருக்கும். நிச்சயத்துக்கு முன்னால் நான் இதைச் சொன்னபோது சின்ன அத்தை, "எம் மகளுக்கு வியாதின்னு ஊரு பேசணுமா?" என்று எழுந்து உள்ளே போய்விட்டது. பெரியப்பா வழக்கம்போல் யாருக்கு என்ன வந்துச்சு என்றார். அப்பத்தா திண்ணையிலிருந்து, "எனக்கு வந்துச்சுடா" என்றது.

தம்பி, அதாவது சித்தப்பா மகன், போன வாரம் ரத்தம் கொடுத்துவிட்டான். சின்ன அத்தை வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது. அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மாவுக்குத் தெரியாமல் கொடுத்தால் முடிவு யார் போனுக்கு வரும் என்று கேட்டிருக்கிறாள். உன் போனுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறேன்.